ஆறாம் வகுப்புக்கு ஏற்ற பேய்

பள்ளிக்கூட நூலக அறையின் ஜன்னல்களில் நீலத் திரையை இழுத்துவிட்டு, மத்தியான வெயிலை வெளியே நிறுத்திவிட்டு, நாங்கள் நான்கு பேர் பேய்ப் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு தட்டில் சமோசா. பிரின்சிபல் மேடத்தின் கையில் ரிமோட்.

திரையில் ஒரு பெண் இருட்டிலிருந்து மெல்லத் திரும்பினாள். இடப்பக்க முகம் முழுக்க வெந்து சுருங்கியிருந்தது. காது இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாய் ஒரு மொட்டு. கீழிமை இழுபட்டு, உதட்டின் ஓரம் தாடையோடு ஒட்டிக் கிடந்தது.

ஒப்பனை செய்தவர் நல்ல வேலைக்காரர். எனக்குத் தெரியும், என் முகமும் அதேதான்.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் முகத்தின் கதை தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் மகள் ரிஹானா கைக்குழந்தையாக இருந்தபோது அடுப்படியில் கேஸ் டியூப் கசிந்து பற்றிய நெருப்பு என் இடப்பக்கத்தை எடுத்துக்கொண்டது. மதுரை ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். அதற்கு மேல் அதில் கதை கிடையாது. மாமியார் கொடுமை இல்லை, புருஷன் சந்தேகம் இல்லை. விசாரிக்க வருகிறவர்களில் சிலருக்கு இதில் ஏமாற்றம்கூட உண்டு.

அந்தப் பெண் திரும்பிய நொடியில் அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவ்வளவு கவனமாக யாரும் படம் பார்த்து நான் கண்டதில்லை. தப்பித் தவறி என் பக்கம் பார்வை போய்விடக் கூடாதே என்று கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கமிட்டிக்கு நான் வந்த வழி

எங்கள் ஊரில் ஹாலோவீனா என்று கேட்காதீர்கள். கட்டுகிற வீட்டு வாசலில் திருஷ்டிக்காகப் பூசணிக்காயைத் தொங்கவிட்டு, அதில் மீசை வைத்த பூதத்தை வரைந்து பழகிய ஊர் இது. அதே காயைக் குடைந்து உள்ளே விளக்கு வைத்தால், வெள்ளைக்காரர்கள் பேய் வேஷம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே மெயின் ரோட்டில் இருக்கும் ரிஹானாவின் பள்ளிக்கூடத்தில் இதை வருஷா வருஷம் கொண்டாடுகிறார்கள். பிள்ளைகளுக்கு உலக அறிவு வளர வேண்டுமாம்.

இந்த வருஷம் புதிதாக ஒரு யோசனை. வேஷம் மட்டும் போதாது, ரிஹானா படிக்கும் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் பேய்ப் படம் ஒன்றும் போட வேண்டும். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இப்போது ட்வீன்ஸ் என்று பெயர். குழந்தையும் இல்லை, குமரும் இல்லை. அவர்களுக்கு எந்தப் பேய் பொருந்தும், எந்தப் பேய் பொருந்தாது என்று பார்த்துச் சொல்ல ஒரு கமிட்டி. பெற்றோர் தரப்பில் இரண்டு பேர்.

பிரின்சிபல் மேடமே போன் செய்தார். "நீங்க மெம்பரா வரணும் மேடம். உங்கள மாதிரி தைரியமான அம்மாக்கள்தான் எங்களுக்கு வேணும். அப்படியே உங்க கம்பெனில வேஸ்ட் காஸ் துணி கெடைச்சா கொஞ்சம்..." என்றார்.

விஷயம் அந்த 'அப்படியே'வில்தான் இருந்தது.

நான் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். காஸ் என்றால் புண்ணில் வைத்துக் கட்டுகிற சல்லாத் துணி. இழை விலகியது, கறை பட்டது என்று ஒதுக்கிய துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும். தலையிலிருந்து கால்வரை சுற்றிப் பிள்ளைகளைப் பிணமாக்குவதற்கு அதைவிட நல்ல துணி கிடைக்காது. ஹாலோவீன் வந்தால் ராஜபாளையத்துப் பேய்கள் எல்லாம் வெள்ளைக் கட்டுப் போட்ட பேய்கள்தான்.

மூட்டையை ஆட்டோவில் ஏற்றும்போது என்னோடு வேலை பார்க்கும் முத்துலட்சுமி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏட்டி மெஹரு, அம்புட்டும் பேய் வேசத்துக்கா?"

"ஆமா."

"நல்லாருக்குட்டி. கட்டுப் போட்டவன் எல்லாம் பேயின்னா, ஆஸ்பத்திரில பாதி சனம் பேயிதான்."

அவள் சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். மதுரையில் என் முகக் கட்டை நர்ஸ் பிரித்துப் போட்டபோது, குப்பைக் கூடையில் கிடந்த காஸ் உறையில் எங்கள் ஊர் பெயர் இருந்தது. எங்க ஊர்த் துணி என்று அந்த நர்ஸிடம் சொல்ல ஆசையாக இருந்தது. அப்போது வாய் திறக்க முடியாது.

காய்ச்சல் சர்டிபிகேட்

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். மடவார் வளாகத்துப் பக்கம் எங்கள் வீடு. எங்கள் காலத்திலும் பேய்ப் படம் உண்டு, கமிட்டிதான் கிடையாது. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா செருப்புக் கடையைச் சாத்திவிட்டு மொத்த வீட்டையும் கூட்டிக்கொண்டு போவார். பிள்ளைகளுக்கு ஏற்றதா இல்லையா என்பது மறுநாள் காலையில் தெரியும். காய்ச்சல் வந்தால் பெரியவர்கள் படம், வராவிட்டால் பிள்ளைகள் படம். காய்ச்சல் வந்த பிள்ளைக்குப் பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீர் கிடைக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் திருநீறு. இரண்டு வீட்டிலும் இரண்டு நாளில் சரியாகிவிடும்.

அப்படிப் பார்த்த ஒரு படத்தில் புருஷன் வீட்டார் எரித்துக் கொன்ற ஒருத்தி பேயாக வருவாள். பாதி முகம் கரிந்திருக்கும். எனக்குக் காய்ச்சல் வரவில்லை. மாறாக, கோதுமை மாவைக் குழைத்துக் கன்னத்தில் அப்பி, மேலே செங்கல் பொடியைத் தடவிக்கொண்டு கதவு மறைவில் நின்று தங்கச்சியை அலற வைத்தேன். அவள் விழுந்து எழுந்து ஓடினாள். வீடே சிரித்தது. அத்தாவும் சிரித்தார்.

அந்தப் படத்துப் பேய்க்குப் பழிவாங்க ஒரு காரணமாவது இருந்தது. இப்போது வரும் பேய்களுக்கு அதுவும் கிடையாது. வெந்த முகம் ஒன்றே போதும் என்றாகிவிட்டது. வில்லன் என்றால் தழும்பு, பேய் என்றால் தீக்காயம். படம் எடுக்கிறவர்களுக்கு வேலை மிச்சம்.

டவுன் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும் நாட்கள் உண்டு. நின்றுகொண்டே வருவார்கள், உட்கார மாட்டார்கள். சின்னப் பிள்ளைகள் பரவாயில்லை. "ஒங்க மூஞ்சில என்ன?" என்று நேராகக் கேட்கும். தீ சுட்டுருச்சு என்று சொன்னால், வலிச்சுச்சா என்று கேட்கும். அதோடு முடிந்தது. அந்தப் பிள்ளையின் தொடையைக் கிள்ளும் தாயைத்தான் எனக்குப் பிடிக்காது.

முத்தத்துக்குக் கத்தரி

நூலக அறைக்கு வருகிறேன்.

படம் வெளிநாட்டுப் படம். ஐந்தாறு பிள்ளைகள் ஹாலோவீன் அன்று மிட்டாய் கேட்டுப் போகிறார்கள். தெருக்கோடியில் ஒரு பாழடைந்த வீடு. அதில் அந்தப் பெண். அவள் யார், எப்படி வெந்தாள் என்று படத்தில் யாரும் கேட்பதில்லை. அவள் துரத்துகிறாள், இவர்கள் ஓடுகிறார்கள். கடைசியில் ஒரு பையன் விளக்கைத் தூக்கி வீச, அவள் இன்னொரு தடவை எரிகிறாள். பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். படம் முடிகிறது.

கமிட்டி மிக உன்னிப்பாக வேலை பார்த்தது. ஒரு தாத்தா சுருட்டுப் பிடித்தார். பிரின்சிபல் மேடம் படத்தை நிறுத்தினார். படம் ஏற்பாடு செய்த ஜெனிபர் மிஸ் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டார். ஒரு அக்காவும் அவள் சிநேகிதனும் வாசல்படியில் நெருங்கி நின்றார்கள். மேடம் பதறிப்போய் ரிமோட்டை அமுக்க, படம் ஓடோ ஓடென்று ஓடி, அந்த முத்தம் கோழி கொத்தின மாதிரி வந்து போனது.

"இது கண்டிப்பா வேணாம். ட்வீன்ஸ் மனசு கெட்டுப்போகும்" என்றார் மேடம்.

"கட் பண்ணிடுறேன் மேடம்" என்றார் ஜெனிபர் மிஸ்.

பெற்றோர் தரப்பில் இன்னொருவர் வரதன் சார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ஆண்டாள் கோயில் கைங்கரியக் குடும்பம், பேங்க் வேலை. நல்ல மனிதர், இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது.

"படத்துல மாரல் இருக்கான்னு யோசிச்சேன். இருக்கு. கடைசில தீமை எரிஞ்சு அழிஞ்சுபோறது. நம்ம நரகாசுரன் கதை மாதிரிதானே? தீபாவளியும் பக்கத்துல வர்றது. பொருத்தமாத்தான் இருக்கு."

மேடம் தலையாட்டினார். எல்லோருக்கும் திருப்தி. சமோசாத் தட்டு என் பக்கம் வந்தது.

"இந்தப் படம் வேணாம் மேடம்" என்றேன்.

"ஏன் மேடம்? அந்த சீனத்தான் தூக்கிடுறோமே?"

"முத்தம் இருந்துட்டுப் போகட்டும். அந்த மூஞ்சி வேணாம்."

வரதன் சார் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் நான் சொல்லாவிட்டால் அந்த அறையில் வேறு யார் சொல்வார்கள்? "எம் மக அந்த ஹால்ல உக்காந்திருப்பா. சுத்தி உக்காந்திருக்க புள்ளைங்க எல்லாத்துக்கும் அவ அம்மாவத் தெரியும். சாயங்காலம் கேட்டுல வந்து நிக்கிறவதான நான்? அந்தப் பொம்பள திரையில வந்து நிக்கும்போது எம் பிள்ளைய யாரு பாத்துக்குவா?" என்றேன்.

பிரின்சிபல் மேடத்தின் முகம் கருணையால் நிரம்பிவிட்டது. எனக்கு அந்த முகத்தைக் கண்டாலே பயம்.

"ஐயோ மேடம், நாங்க யாருமே அப்படி நெனச்சே பாக்கல. சத்தியமா. உங்கள நாங்க அப்படிப் பாக்கறதே இல்ல. நீங்க எங்களுக்கு நார்மல்தான்."

பார்க்காதவர்கள் ஏன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். வேறு படம் போடலாம், எலும்புக்கூடு வரட்டும், ஓநாய் வரட்டும், ராஜபாளையத்தில் எலும்புக்கூட்டுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை என்றேன். ஜெனிபர் மிஸ் மேடத்தின் முகத்தைப் பார்த்தார். போஸ்டர் ஏற்கெனவே பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்புகளுக்கெல்லாம் போய்விட்டதாம். பிள்ளைகள் ஆசையாக இருக்கிறார்களாம்.

அப்படியென்றால் கமிட்டி எதற்கு என்று கேட்டேன். அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்தது.

"வேணும்னா ஒண்ணு செய்வோம் மேடம்," மேடம் குரலைத் தாழ்த்தினார், "ரிஹானாவுக்கு மட்டும் அன்னைக்கு லீவு எடுத்துக்கோங்க. அட்டெண்டன்ஸ நாங்க பாத்துக்கிறோம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தீயில் வெந்தபோதுகூட அவமானம் என்று ஒன்று இல்லை, வலி மட்டும்தான் இருந்தது. முத்தத்தை வெட்டியது போல என் மகளையும் வெட்டிவிட்டுப் படத்தை ஓட்டப் பார்த்தார்கள்.

"அவ வருவா. நானும் வருவேன். கடேசி வரிசையில ஒரு சேர் போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வராட்டி என்ன

வீட்டில் இதைச் சொல்வதா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டே இருந்தேன். சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அந்தப் போஸ்டரை சிநேகிதியின் அம்மா போனில் ரிஹானா ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள். போஸ்டரிலேயே அந்த முகம்தான் பெரிதாக இருந்தது.

படத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீயும் வாரியாம்மா?"

"வாரேன். கமிட்டில இருக்கேன்ல."

"வராட்டி என்ன?"

"ஏன், நான் வந்தா ஒனக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்." சால்னாவில் பரோட்டாவை நன்றாக ஊறவைத்தாள். அதற்குப் பிறகு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் அத்தா கை கழுவப் போகிற சாக்கில் என் பின்னால் வந்தார். "பிள்ளைக்கு ஒரு மாதிரி இருக்கும்ல. நீ போகாண்டாம், விடு" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் மகளுக்கும் நான் வெட்கமாகிவிட்டேனா? ஊருக்கு நான் எப்படியோ இருந்துவிட்டுப் போகிறேன். இந்த ஒருத்திக்காவது வெறும் அம்மாவாக இருக்கிறேன் என்றுதான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நினைப்பில்தான் காலையில் எழுந்து தலை சீவிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். அதையும் ஒரு பேய்ப் படம் எடுத்துக்கொண்டு போய்விடும் போல இருந்தது.

போகத்தான் செய்வேன் என்று முடிவு செய்தேன். வீம்புதான். ஒத்துக்கொள்கிறேன்.

கடைசி வரிசை

பிள்ளைகள் எல்லாரும் நான் அனுப்பிய காஸில்தான் இருந்தார்கள். கண்ணும் மூக்கும் தெரிய வெள்ளையாகச் சுற்றிக்கொண்டு, வியர்த்து வழிந்து, ஒருவர் பின்னால் தொங்கும் துணி வாலை ஒருவர் மிதித்துக்கொண்டு ஹாலுக்குள் வந்தார்கள். கம்பெனியின் கஞ்சி வாடை ஹால் முழுக்க அடித்தது. ரிஹானா இரண்டாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். தலைக்கட்டுக்குப் பின்னால் அவளுடைய இரட்டைச் சடை தெரிந்தது. நான் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில்.

படம் ஓடியது. சுருட்டு இல்லை, முத்தம் இல்லை. அவள் வந்தாள்.

ஹால் அலறியது. பெண் பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். அலறல் ஓய்ந்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்புக்கு நடுவே ஒரு வெள்ளைத் தலை பின்னால் திரும்பி என்னைப் பார்த்தது. பக்கத்துத் தலையை முழங்கையால் இடித்தது. அதுவும் திரும்பியது. கட்டுக்கு நடுவில் கண்கள் மட்டும், ஒன்றன் பின் ஒன்றாக. நான் புடவைத் தலைப்பை இழுத்துக்கொள்ளவில்லை. நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

ரிஹானா மட்டும் திரும்பவில்லை. குனியவும் இல்லை. அந்தப் பெண் திரையில் வந்த ஒவ்வொரு தடவையும் என் மகளின் தலை ஆடாமல் அசையாமல் நேராக இருந்தது. விளக்கை வீசி எரித்த இடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். அவள் தட்டவில்லை.

பார்த்தீர்களா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். என் பிள்ளைக்கு அந்த முகத்தில் பயம் இல்லை. எப்படி இருக்கும்? பால் குடித்த காலத்திலிருந்து பார்க்கிற முகம். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் மற்றவர்கள் எல்லாரையும் மன்னித்துவிடக்கூடத் தோன்றியது.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் ஜெனிபர் மிஸ் மைக்கைப் பிடித்தார். படம் ஓடும்போது அவர் முன்னால் நின்று பிள்ளைகளின் முகங்களை வீடியோ எடுத்திருந்தார். கண்ணையே மூடாத ஒரே பிள்ளை ரிஹானாதானாம். மேடையில் கூப்பிட்டு, 'பயப்படாத பிள்ளை' என்று பூசணி உருவத்தில் ஒரு பிளாஸ்டிக் விளக்கைக் கையில் கொடுத்தார்கள். "அவளுக்கென்ன, பழக்கம்தானே" என்று எனக்கு முன் வரிசையில் ஒரு குரல் மெதுவாகச் சொன்னது. யார் என்று நான் தேடவில்லை.

பிரின்சிபல் மேடம் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா மேடம்? நீங்கதான் வீணா பயந்தீங்க. உங்க பொண்ணே ஒண்ணும் ஆகாம பாத்துட்டா. இனி இந்தப் படத்தப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

படம் பொருத்தமானது என்பதற்கு என் மகளையே சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். நான் பெருமையில் இருந்தேன்.

ஸ்கூட்டியில் ரிஹானா பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். காஸை அவிழ்த்து உருட்டி மடியில் வைத்திருந்தாள். மெயின் ரோட்டில் ஏறியதும் கேட்டேன்.

"ஒனக்குப் பயமே இல்லையாட்டி?"

லாரி ஒன்று கடந்து போனது. காற்றில் கேட்டிருக்காது என்று நினைத்து இன்னொரு முறை கேட்டேன்.

"பயமாத்தாம்மா இருந்துச்சு. ரொம்ப."

"பொறவு ஏன் கண்ண மூடல?"

"நீ பின்னாடி உக்காந்திருந்தீல்ல. அந்தம்மா மூஞ்சி வரும்போது நான் கண்ண மூடிக் குனிஞ்சா, நீ பாத்து அழுவ." என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். "அதான் உன்னய வர வேண்டாம்னு பாத்தேன். நீ வராட்டி நானும் எல்லார மாதிரி மூடிக்கிட்டு இருந்திருப்பேன்."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பயந்து கத்தவும், சிநேகிதியின் மடியில் விழவும், காய்ச்சல் வந்து படுக்கவும் அந்த வயதுக்கு ஒரு உரிமை உண்டு. படம் முழுக்க அது அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஹாலில் என் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கமிட்டியில் கேட்டேனே, அவள் அங்கே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், ஒரு தடவைகூடத் திரும்பாமல்.

அன்று ராத்திரி அவளுக்குக் காய்ச்சல் அடித்தது.